பாதி ஆட்டத்தில் நின்ற ஊதா

எங்கள் வீட்டில் உலகச் சாம்பியன்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். தங்கத்துக்கு மேல் தங்கம் வாங்கியும் ஒரு முறைகூட மேடையில் சிரிக்காத ஒருத்தி 'தலைமை ஆசிரியை'. குதிப்பதற்கு முன்னால் மூக்கைத் தொட்டுக்கொள்ளும் ஓர் இளைஞன் 'மூக்கன்'. எப்போதும் மூன்றாவதாகவே வந்து, முதலில் வந்தவளைவிட அதிகமாகக் கைதட்டல் வாங்கியவள் 'மஞ்சக்குருவி'. இந்த வரிசையில் கடைசியாக வந்தவள் 'ஊதா'.

ஊதாவைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு என் மகள் மறுநாள் காலை தாராபுரத்துக்கு, தன் கணவன் வீட்டுக்கு, பஸ் ஏறினாள். அந்த வீட்டை விட்டு வந்துவிடலாமா என்று கேட்பதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது என்றுதான் பல வருஷங்களாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது உண்மையல்ல. பாதி தெரிந்திருந்தது.

நான் டெக்ஸ்டைல் படித்தவன். எங்கள் தகப்பனார் காலம் வரை தறி. என் காலத்தில் பனியன் கம்பெனி. திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். சட்டையைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் போவது அதிலுள்ள குறைக்குத்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிற அந்தப் பனித்தள ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கம்பெனி வழியாகத்தான். குளிர்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பனித்தளத்தில் ஆடுகிறவர்கள் பயிற்சியின்போது போடும் உடைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். லைக்ரா கலந்த துணி, முழுக்கை, உடம்போடு ஒட்டியிருக்கும். நாங்கள் அனுப்பிய மாதிரி உடையில் கையைத் தூக்கினால் அக்குள் தையல் விட்டுப்போகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சிடியும் வந்தது. இவர்கள் கையை எப்படித் தூக்குகிறார்கள் என்று பாருங்கள், பிறகு தையுங்கள் என்று குறிப்பு. அதை வீட்டுக்கு எடுத்து வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கப்பா, தரை ஈரமா இருக்குதுங்களே, வழுக்காதுங்களா?"

"வழுக்கறதுதான் கண்ணு ஆட்டமே."

அக்குள் தையலைப் பார்க்கப் போட்ட படத்தை அவள் அன்று நான்கைந்து முறை பார்த்தாள். சிடியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிறகு விளையாட்டுச் சேனல்கள் வந்தன, அதற்குப் பிறகு இணையம் வந்தது. மே மாத வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் மேல் ஆடுகிறவர்களைப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாயிற்று.

பார்த்ததோடு விட்டிருக்கலாம். யார் பெரியவர் என்ற பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். அதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினேன். எங்கள் தொழிலில் 'ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்' என்று ஒன்று உண்டு. சரக்கு கப்பலுக்குப் போகும் முன்னால் வாடிக்கையாளரின் ஆள் வருவார். பெட்டிகளில் சிலவற்றைப் பிரிப்பார். மேசை மேல் உடைகளை விரித்துப் பார்த்து, குறை தெரிகிற இடத்தில் எல்லாம் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். நீண்டிருக்கும் நூல் மைனர். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் மேஜர். அதைப் பிரித்துச் சரிசெய்ய அனுப்புவதற்கு 'ஆல்ட்டர்' என்று பெயர். கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "சார், இது மைனருங்க சார். துவைச்சாப் போயிரும்" என்று ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் வாதாடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி மேஜர்கள் மைனராகிவிடும். ஆனால் கிரிட்டிகல் என்று ஒன்று இருக்கிறது. தைக்கும்போது உடைந்த ஊசியின் முனை உடைக்குள் தங்கிவிடுவது. அதற்கு வாதம் கிடையாது. ஒரு பீஸில் இருந்தாலும் 'லாட்', அதாவது மொத்தச் சரக்கும், நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாடிக்கையாளரின் ஆள், மகள் கம்பெனிக்காரி. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் இன்னார்தான் என்று அவள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். நான் குறை எடுப்பேன். அவள் வாதாடி அதை மைனராக்க வேண்டும். ஸ்டிக்கர் சுருள் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். டிவியின் சட்டத்தைச் சுற்றிச் சிவப்பு அம்புகளாக ஒட்டியிருக்கும்.

"மஞ்சக்குருவி உழுந்தது மைனருங்கப்பா."

"உழுந்தது எப்படி மைனர் ஆகும்? அது ஓட்டை."

"ஓட்டை இல்லீங்க. தையல் விட்டது. எந்திரிச்சு அதே எடத்துல மறுக்காக் குதிச்சா பாருங்க. அங்கயே ஆல்ட்டர் பண்ணிட்டா."

"தலைமை ஆசிரியை உழுந்தாளா ஒரு நாளாச்சும்?"

"அவ சிரிக்கவே இல்லீங்களேப்பா. அதுக்கு ஸ்டிக்கர் இல்லீங்களா?"

மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவான். யார் ஜெயிக்கிறாரோ அவர் பக்கம்தான் அவன். "மச்சான் சொல்றதுதானுங்க செரி. சிரிப்புக்கெல்லாம் கப்பல்ல எடம் இல்ல" என்பான். மனைவி அடுப்படியிலிருந்து, "ஊட்டுக்குள்ளயும் பேக்டரியக் கொண்டாந்துட்டீங்க. ஞாயித்துக்கெழமையாச்சும் அதுக்கு லீவு உடுங்க" என்பாள்.

தோற்றால் மகள் ஒன்று சொல்வாள்: "ரீ-இன்ஸ்பெக்ஷன் கேக்கறமுங்க சார்." அடுத்த வாரம் அதே ஆட்டக்காரரைப் புதிய நியாயங்களோடு கொண்டுவருவாள். தலைமை ஆசிரியைக்கு வயது ஏறிய பிறகும் தரம் இறங்கவில்லை என்பேன். வயது ஏறாமலேயே மஞ்சக்குருவி மனிதர்களை அழ வைத்தாள் என்பாள். பட்டங்களை எண்ணுவேன். பட்டத்தை நடுவர்கள் கொடுக்கிறார்கள், பெருமையை யார் கொடுக்கிறார்கள் என்பாள். என் கல்லூரி நண்பர்கள்கூட அப்படி வாதாடியதில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஆனால் ஒரு முறைகூட அவளை ஜெயிக்க விட்டதில்லை. ஸ்டிக்கர் என் கையில் இருந்தது.

கல்யாணம் தாராபுரத்தில் செய்துகொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் நெல், தானிய வியாபாரம். மரியாதையான குடும்பம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் விசாரித்தேன், என் வழக்கப்படி நுணுக்கமாகவே. வீடு, கடை, கோயில் கட்டளை, அண்ணன் தம்பிகள் எல்லாம் பார்த்தேன். மாப்பிள்ளை கோபம் வந்தால் ஒரு பண்டிகை நோம்பியிலிருந்து அடுத்த நோம்பி வரை பேசாமலே இருப்பான் என்பதோ, கடைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவான் என்பதோ விசாரணையில் வரவில்லை. அவள் போனில் சொல்லவும் இல்லை. "நல்லா இருக்கனுங்கப்பா" என்பாள். நானும் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தனியாக வந்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மறுநாள் காலை நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏனுங்க, தோசைக்கல்லக் கொண்டாந்திருக்கறா."

"எதுக்கு?"

"எனக்கென்னங்க தெரியும். நான் பழக்கி, அவ கல்யாணத்துக்குக் குடுத்துட்ட கல்லு."

"தேய்க்கோணும்னு கொண்டாந்திருப்பா."

"பழக்கின கல்ல யாருங்க தேய்ப்பாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். நான் தாளைத் திருப்பினேன். அவள் போய்விட்டாள்.

இரண்டு நாளுக்கு வருகிற பெண் இரும்புத் தோசைக்கல்லைச் சுமந்துகொண்டு வர மாட்டாள் என்பது தோசை சாப்பிடுகிற எவனுக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. புரிந்ததை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்தேன். சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள், கம்பெனியில் என்ன கேட்பார்கள், கோயில் கமிட்டியில் எனக்கு முன்னால் உட்காருகிறவர் என்ன கேட்பார் என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் ஒரு வரியும் மனதில் ஏறவில்லை.

மதியம் மைத்துனன் வந்தான். சாப்பிட்டோம். இலையை எடுத்துவிட்டு வந்த மகள் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்கப்பா, இன்னிக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன் போடலாமுங்களா?" என்றாள்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த விளையாட்டு நின்றுபோயிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோசைக்கல் ஒன்றும் இல்லை, பிள்ளை விளையாடத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் கைபேசியிலிருந்து டிவிக்கு ஒரு படத்தைப் போட்டாள். அப்போதுதான் ஊதாவை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஊதா நிற உடை. ஒல்லியான பெண். முந்தின நாள் ஆட்டத்தில் அவள்தான் முதலிடம் என்று மகள் சொன்னாள். இசை தொடங்கியது. இரண்டு முறை குதித்தாள். இரண்டும் சுத்தம், எனக்கே எடுக்கக் குறை இல்லை. மூன்றாவதற்கு வளைந்து வந்தவள் குதிக்கவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து தளத்தின் நடுவில் நின்றுவிட்டாள். விழவில்லை. காலைப் பிடிக்கவில்லை. இசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் இருந்த பக்கம் மெல்ல வந்து தலை குனிந்தாள். கூட்டத்தைப் பார்த்தும் குனிந்தாள். பிறகு ஓரத்துக்குப் போய், தடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலணியின் கத்திகளுக்கு உறையை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நடந்து போனாள்.

"என்ன, புள்ளைக்கு வயித்து வலியா?" என்றான் மைத்துனன்.

"இல்லீங்க மாமா. ஒண்ணுமில்ல. போதும்னு தோணிருச்சாம். அதுக்கப்பறம் எந்தப் போட்டிக்கும் வரலீங்க."

"போதும்னா? இத்தனை பேரு டிக்கெட் எடுத்து வந்து குளுருல உக்காந்திருக்கறாங்க. நல்ல கதையா இருக்குதே."

மகள் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு உலகத்துலயே பெரிய ஆட்டக்காரி இவதானுங்கப்பா."

நான் சிரித்தேன். "பட்டம் எத்தனை?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம்?"

"உழுந்தா எந்திரிக்கறது எல்லாரும் பண்றாங்க. உழுகாதப்பவே, எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்பவே, நிறுத்தறதுக்கு எத்தனை தைரியம் வேணுமுங்க?"

"போட்டின்னா முடிக்கோணும் கண்ணு. கடைசியா வாறவகூட முடிச்சுட்டுத்தான் போறா."

"முடிச்சா என்னங்கப்பா கெடைக்கும்?"

"மார்க் போடுவாங்க."

"அந்த மார்க் யாருக்குங்க?"

"பயருக்கு" என்று மைத்துனன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பயர் என்றால் எங்கள் ஊரில் சரக்கு வாங்குகிற வாடிக்கையாளர். நானும் சேர்ந்து சிரித்தேன். மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்க அப்படி வந்து நிற்கிறவள் அல்ல.

"சரிங்கப்பா. நீங்க சொல்லுங்க. மேஜரா, மைனரா?" மகள் குரல் விளையாட்டுக் குரல் போலவே இருந்தது. கை மட்டும் கைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தது. "மேஜர்னே வச்சுக்கலாமுங்க. மேஜர்னாலும் ஆல்ட்டருக்குப் போகலாமுங்களே. பிரிச்சுட்டு மறுக்காத் தைக்கலாமுங்களே."

அவள் எனக்கு இடம் விட்டிருந்தாள். மைனர் என்று சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. மேஜர் என்று ஒப்புக்கொண்டு, பிரித்துத் தைக்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகியிருக்காது.

"கிரிட்டிகல்" என்றேன். "பாதியில நிக்கறது ஊசி முனை மாதிரி. ஆல்ட்டர் எல்லாம் கெடையாது. லாட்டே போச்சு. அவளுக்கு மட்டுமா? சொல்லிக் குடுத்தவங்க, அவ அப்பன், அம்மா, அத்தனை பேருக்கும் தலைகுனிவு. இந்த மாதிரி ஒருத்திய வரிசையில சேக்கறதே தப்பு கண்ணு."

படத்தில் அவளுடைய அப்பன் அம்மாவை யாரும் காட்டவில்லை. மகளும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. அவர்களை நான்தான் கொண்டுவந்தேன். காலையில் ஒதுக்கிவைத்த தோசைக்கல்லிலிருந்து நேராக வந்த வார்த்தைகள் அவை. அதனால்தான் எனக்குத் தெரியாது என்று சொன்னது பொய் என்கிறேன்.

"லாட் ரிஜெக்ட்" என்று மைத்துனன் கையைத் தட்டினான்.

மகள் டிவியை அணைத்தாள். "சரிங்கப்பா" என்றாள். ரீ-இன்ஸ்பெக்ஷன் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளைப் பஸ் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். துணிமணிப் பை கால் அருகே இருந்தது. இன்னொரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தோசைக்கல் என் முதுகில் இடித்தது. திருப்பூர் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, "என்ன கண்ணு இது?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லிவிட்டு, நேரத்துக்குக் கம்பெனிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் அங்கே இருந்தாள். முதலில் பேசாமல் இருந்தவன், பூட்டிக்கொண்டு போனவன், பிறகு அடிக்கத் தொடங்கினான். அவளுக்கு இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்தது. முன்னால் நடந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒரு சாக்கு இருந்திருக்கும்.

அவள் வீட்டை விட்டுக் கிளம்பியது எங்களுக்குச் சம்பந்தி போன் செய்துதான் தெரிந்தது. "உங்க புள்ள அங்கயா வந்திருக்குதுங்க?" என்று கேட்டார். வரவில்லை. நான்கு நாள் கழித்து அவளே அம்மாவுக்குப் போன் செய்தாள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், அங்கேயே தையல் வேலை பார்க்கிற ஓர் அக்காவோடு அறையில் இருப்பதாகவும் சொன்னாள். வீரபாண்டி எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகும் தூரம்தான். தாராபுரத்திலிருந்து கிளம்பியவள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் இறங்கியிருக்கிறாள்.

போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தது அந்த அக்கா. தெற்கத்திப் பெண், கழுத்தில் சிலுவை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏட்டி, ஒங்கப்பா வந்திருக்காவ" என்றார். மகள் வந்தாள். "வாங்கப்பா, உக்காருங்க" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். அம்மா எப்படி இருக்கிறாள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவரிடம் எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினாள். ஒரு வார்த்தைகூடக் கோணலாக வரவில்லை. அடுப்பு மேல் தோசைக்கல் இருந்தது.

"ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்றேன்.

"இங்கயே சௌகரியமா இருக்குதுங்கப்பா."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்லா" என்றார் அந்த அக்கா, துணி மடித்துக்கொண்டே. "இப்ப வந்து சொன்னா யாருக்கு?"

"அக்கா, விடுங்க" என்றாள் மகள்.

நான் அப்போதும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"கேட்டனுங்களேப்பா."

"எப்பக் கேட்டே?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எப்போது என்று தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. லேசாகச் சிரித்துவிட்டு, காலியான டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கழுவப் போனாள்.

இது நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. மாப்பிள்ளையோடு சட்டப்படி முடிந்துவிட்டது. மகள் இப்போது அந்தக் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கே பொறுப்பு. சொந்தக்காரர்கள் கேட்டார்கள்தான். கொஞ்ச நாள் கேட்டுவிட்டு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்கள். கோயில் கமிட்டியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் மகளும் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இவர்களுக்குப் பயந்துதான் என் பிள்ளையின் ஒரு காதைக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய. இணையத்தில் ஸ்கேட்டிங் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. யார் பெரியவர், முதல் பத்துப் பேர் யார் என்று எல்லா நாட்டிலும் என்னைப் போன்றவர்கள் இரவு பகலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பட்டம், எத்தனை சுற்று, எங்கே கால் தடுமாறியது, யார் காலத்து விதி கடினம், யார் காலத்தில் எதிரி பலவீனம். ஒருவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எழுதுகிறார், விழுந்த வருஷத்தைக் கழித்துவிட்டால் இவள்தான் முதலிடமாம். முன்பெல்லாம் இவற்றை ருசித்துப் படித்திருப்பேன். இப்போது வாயில் கசக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் பனியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டு அவர்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பிறகு எங்களுக்கு ஆட்டம் பிடிக்கும் என்கிறோம்.

ஆனாலும் இந்த வருஷம் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவன், ஊதாவின் பழைய ஆட்டத்தைத் தேடிப் போட்டேன். அவள் நிற்கிற இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு மதிய இடைவேளை. அவள் கைபேசியை வலது காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா. ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஊதாவப் பாத்துட்டு இருந்தேன்."

அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே தொடர்ந்தேன்.

"நான் சொன்னது தப்பு. ரீ-இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டேன். நீ சொன்னதுதான் செரி. இருக்கறதுலயே பெரிய ஆட்டக்காரி அவதான்." கொஞ்சம் நிறுத்தி, சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "நீ அன்னைக்கு என்ன கேட்டீன்னு எனக்கு அப்பவே தெரியும் கண்ணு."

"தெரியுமுங்கப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு சொன்னாள்: "ஆனா ஊதாவ எனக்கு அத்தனை ஒண்ணும் புடிக்காதுங்கப்பா."

"என்ன கண்ணு சொல்றே?"

"அவ நின்னது எனக்கும் ஒரு மாதிரியாத்தானுங்க இருந்துச்சு. எனக்கு எப்பவுமே தலைமை ஆசிரியைதானுங்க பெரியவ. சின்னப்ப உங்ககூட வாதாடோணும்னுதான் மஞ்சக்குருவியச் சொல்லிட்டு இருந்தேன்."

"அப்பறம் ஏன் அன்னைக்கு..."

"வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க. உங்களுக்குப் புரியற மாதிரிக் கேக்கோணும்னு நெனச்சனுங்க."

இத்தனை வருஷம் நான் ஊதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவளை வரிசையில் எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் எல்லோருக்கும் மேலே வைத்துவிட்டால் என் மகளுக்கு ஏதோ திருப்பிக் கொடுத்ததாக ஆகும் என்று நினைத்தேன். அவள் அந்த வரிசைக்காக வாதாடவே இல்லை. வீட்டில் இருக்க இடம் கேட்டாள். நான் இன்றைக்கும் மார்க் போட்டுக்கொண்டுதான் போன் செய்திருக்கிறேன்.

"ஊட்டுக்கு ஒரு நாளைக்கு வா கண்ணு. நான் இருக்கறப்ப வா" என்றேன்.

"வாரனுங்கப்பா. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"மணி அடிச்சிருச்சுங்க. வெச்சரட்டுங்களா?"

அவள் வீட்டுக்கு வராதவள் அல்ல. அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நான் கோயிலுக்கோ வேறெங்கோ போயிருக்கிற நேரமாக வருவாள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். புரிந்த பிறகு நானாகவே ஞாயிறு மதியங்களில் வெளியே போய்விடுகிறேன். ஊரில் என்னை முருக பக்தன் என்கிறார்கள். நான் மலைப்படி ஏறி உட்கார்ந்திருப்பது அவள் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

போன் செய்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மனைவி கறி எடுத்து வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். குழம்பு கொதித்தது. நான் கோயிலுக்குக் கிளம்பாமல், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வா என்று சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். டிவி பெட்டி புதிது. அதன் சட்டத்தில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

மனைவியின் கைபேசி அடித்தது. "ம்" என்றாள். "இருக்காங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "செரி சாமி" என்று வைத்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெங்காயத் தோலைக் கூட்டினாள்.

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டி நின்றிருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக் கோயிலுக்குப் போகும் வழியில் நடந்தேன். திருப்பம் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வண்டி கிளம்பி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சத்தம் கேட்டது.